கணக்கில் 20-ஐத் தாண்டாதவர்களுக்குத் திருப்புதல் தேர்வில் எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி: ஏற்காடு, பத்தாம் வகுப்பு கணக்கு

காபிப் பழம் பறிக்கும் காலத்தில் பல பிள்ளைகள் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அரையாண்டில் 31 பேரில் 9 பேர் 20-ஐத் தாண்டவில்லை. திருப்புதல் தேர்வில் 12, 14 என்று உள்ளதைப் போட்டால் மறுநாள் ஆளைக் காணோம். தேர்ச்சிக்கான 35-ஐப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஏழு வாரம்தான் இருக்கிறது. எங்கே தொடங்க?

பதில்: சேலம், கணக்காசிரியர்

35 போட்டுக் கொடுக்காதீங்க டீச்சர். பொதுத்தேர்வு அறையில்தான் அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரியும், அது ரொம்பக் கொடுமை.

அந்த 9 பேருக்கு 100-க்கான தாளை இப்போது நிறுத்திவிட்டு, 16-க்கு மட்டும் வையுங்கள். வடிவியல் 8, வரைபடம் 8. வாரம் இரண்டு முறை, 40 நிமிடம். 100-க்கு 12 எடுத்த பிள்ளை 16-க்கு 9 எடுப்பான். அந்த 9 உழைத்து எடுத்தது, அவனுக்கே தெரியும்.

மொத்தத்தை முன்பக்கத்தில் வட்டம் போடாமல், படிக்குப் படி ஓரத்தில் எழுதுங்கள்: உதவிப்படம், அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவரை, விடை. எந்தப் படியில் மதிப்பெண் போனது என்று பிள்ளையே விரல் வைத்துக் காட்டட்டும்.

வரைபடத்தில் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எக்ஸ் −3 என்றால் வர்க்கத்தை −9 என்று எழுதுவார்கள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்ற கணக்கில் 4 வர வேண்டியது −14 ஆகிவிடும். புள்ளி தாளுக்குக் கீழே போய், வளைவரை ஒரு பக்கம் ஒடிந்து நிற்கும். அட்டவணையில் வர்க்கத்துக்குத் தனி வரிசை போடச் சொல்லுங்கள். அந்த வரிசையில் கழித்தல் குறி வந்தாலே தப்பு. இதைப் பிடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

35-க்கு இப்படிக் கூட்டுங்கள்: அந்த 16-இல் 12, ஒரு மதிப்பெண் கேள்வி 14-இல் 9, ஐந்து மதிப்பெண் கேள்வி இரண்டு, இரண்டு மதிப்பெண் கேள்வி இரண்டு. ஐந்து மதிப்பெண்ணுக்கு முதல் பாடமே போதும்: கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்ப்பது, சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடி, வரைபடமாகக் காட்டுவது. முக்கோணவியலை இவர்களுக்கு இப்போது தொடவே வேண்டாம்.

பதில்: ஓமலூர், வகுப்பாசிரியர்

மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாக வாசிப்பதை நிறுத்தினாலே பாதிப் பேர் மறுநாள் வருவார்கள். போன தேர்வு, இந்தத் தேர்வு என்று அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அருகருகே எழுதிக் கொடுங்கள். பெற்றோரை அழைத்தால் முதலில் கூடியதைச் சொல்லுங்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வர மாட்டார்கள், மாலை ஆறுக்கு மேல் போன் போடுங்கள்.

பதில்: ஆத்தூர், அறிவியல்

கணக்கில் கவனம் வைத்து அறிவியல் செய்முறையை விட்டுவிடாதீர்கள். 25-க்கு 15, எழுத்துத் தேர்வு 75-க்கு 20, இரண்டும் தனித்தனியாக வேண்டும். செய்முறைக்கு வராத பிள்ளை எழுத்தில் 40 எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. ரெக்கார்டு நோட்டை இப்போதே முடிக்க வையுங்கள்.

கேட்டவர்

நன்றி சார். வரைபடத்தாளும் வர்க்க வரிசையும் திங்கள் முதல். செய்முறைத் தேதி வந்ததும் தோட்டத்து மேஸ்திரியிடமே சொல்லி அந்த ஒரு நாள் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறேன்.