ஃபைப்ரோஸ்கேனில் 14.2: மறுபடியும் பயாப்ஸி வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் நோய்). நான்கு வருடம் முன்பு பயாப்ஸியில் (ஊசியால் ஈரல் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) ஈரல் தழும்பு ஸ்டேஜ் 2. மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி (ஈரல் வீங்கினால் ஏறும் என்சைம்) 310, ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) 14.2 கிலோபாஸ்கல். சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பாவது) வந்துவிட்டதா? இன்னொரு ஊசி என்றாலே அழுகிறார்.

பதில்: தம்பி, எனக்கும் இதே நோய்தான், ஒன்பது வருடமாக. முதல் ஸ்கேனில் 17 வந்து வீடே இடிந்து போனது. பிரெட்னிசலோன், அசாதயோப்ரின் மாத்திரைகள் எடுத்து எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் 8. ஸ்கேன் ஈரலின் விறைப்பை மட்டும்தான் அளக்கும். அது தழும்பா வீக்கமா என்று அதற்குத் தெரியாது. ஏஎல்டி 310 இருக்கும்போது வரும் எண்ணை நம்பிப் பயப்படாதீர்கள். சிகிச்சை தொடங்கி ஆறு மாதமாவது போகட்டும், ஏஎல்டி இறங்கட்டும், அப்புறம் எடுங்கள். மூன்று மணி நேரம் வெறும் வயிறு கட்டாயம். சாப்பிட்டாலும் எண் ஏறும்.

இன்னொரு பதில்: ஃபிப்-4 கணக்கும் (ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துத் தழும்பைக் கணிப்பது) இப்போது உதவாது, அதில் வீக்கத்தால் ஏறும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற ஈரல் என்சைம்கள் இரண்டுமே வருகின்றன. சிரோசிஸுக்கு அடையாளமாக, பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) குறைந்துகொண்டே போகிறதா, அல்ட்ராசவுண்டில் மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயாப்ஸி தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும்.

கேட்டவர்: பிளேட்லெட் 2.1 லட்சம், மண்ணீரல் நார்மல். அப்புறம், அம்மா நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போனாராம்!