புதுப்பிப்பு: சேஸிஸ் பெயின்ட் முடிந்தது, சஸ்பென்ஷன் ஏறியது

நான் கட்டிவரும் லோட்டஸ் செவன் (லேசான, இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பாணிக் காரின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் வெல்டிங்கோடு சென்ற பதிவு நின்றது: 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். இப்போது எபாக்ஸி பிரைமரும் டூ-பேக் பெயின்டும் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) காய்ந்துவிட்டன.

அலுமினியத் தகடுக்கான ரிவெட் துளைகளைப் பெயின்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை. பிறகு துளைத்தால் விளிம்பு வெறும் இரும்பாக நிற்கும், துரு அங்கேதான் தொடங்கும். தகடு உட்காரும் இடமெல்லாம் பாலியூரித்தேன் சீலன்ட் வேண்டும். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

சஸ்பென்ஷனை போல்ட் போட்டுப் பிடிக்கும் பிராக்கெட்டின் உட்புறமும் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மெல்லிய பிரைமர் போதும். தடித்த பெயின்ட் இறுக்கத்தில் நசுங்கும், போல்ட் பிடிப்பு தளரும். சஸ்பென்ஷனில் இது விளையாட்டல்ல. சீட் பெல்ட்டின் 7/16 அங்குல யூஎன்எஃப் (நெருக்கமான மரை வகை) மரைகளில் பெயின்ட் புகாமல் இருக்க, பழைய போல்ட்டை முறுக்கிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். மின்சார எர்த் இணைப்பிடம் வெறும் உலோகமாகவே இருக்கட்டும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் உறை) என்றால் போல்ட்டை இப்போது கையிறுக்கத்தோடு விடுங்கள். எஞ்சின் ஏறி, வண்டி தன் எடையில் சக்கரங்களில் நின்றபின்தான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

டூ-பேக் ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லாமல் ஸ்பிரே செய்யவே வேண்டாம்.