ஜெர்மனியில் செலவுக்கும் வாடகைக் காருக்கும் எந்த கிரெடிட் கார்டு?

வெண்ணெய்மலை:
ஜனவரியில கரூர்ல இருந்து ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்குப் போறோமுங்க. முடிஞ்சதும் கார் எடுத்து ஹாலந்துல ஒரு பையரைப் பார்த்துட்டு வரணும். கையில சாதா கிரெடிட் கார்டு ஒண்ணு, லிமிட் 3 லட்சம், மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடற கூடுதல் கட்டணம்) 3.5%. ஜீரோ மார்க்கப் கார்டு வாங்கறதா, ஃபாரெக்ஸ் கார்டுல (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏத்தி வெக்கற கார்டு) யூரோ ஏத்துனா போதுமா? கார் ஓட்டறது தம்பி.

பல்லடம்:
உங்க கடைசி வரியிலதாங்க சிக்கல் இருக்குது. முதன்மை ஓட்டுநர் பேர்ல இருக்கற கிரெடிட் கார்டைத்தான் கவுண்டர்ல கேட்பாங்க. உங்க கார்டை நீட்டி, தம்பி லைசென்ஸைக் காட்டினா பெரும்பாலும் சாவி கிடைக்காது. தம்பி பேர்ல ஆட்-ஆன் கார்டு (உங்க கணக்குலயே குடும்பத்தாருக்குத் தர்ற கூடுதல் கார்டு) போடுங்க. அவர் பேரே அதுல அச்சாகி வரும். லிமிட் மட்டும் உங்களோடதுல இருந்துதான் போகும்.

ஃபாரெக்ஸ் கார்டு ப்ரீபெய்டு. கார் டெபாசிட்டுக்கு (காரைத் திருப்பறவரை கம்பெனி பிடிச்சு வெக்கற தொகை) அதைப் பல கம்பெனி வாங்காது. வாங்கினாலும் உங்க ரொக்கமே முடங்கும். கிரெடிட் கார்டுல லிமிட் மட்டும்தான் முடங்கும். காரை விட்ட பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகும், அதனால அந்த லிமிட்டை நம்பி ஹோட்டல் பில் வெச்சுக்காதீங்க.

அவினாசி ரோடு:
கணக்கைப் பார்த்துவிடலாம். 3.5% மார்க்கப்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13%. இரண்டு லட்சம் செலவழித்தால் 8,260 ரூபாய் வீண். ஸ்கேப்பியா ஃபெடரல் போன்ற ஜீரோ மார்க்கப் கார்டில் அது இல்லை. வருமானச் சான்று தர யோசிப்பவர்களுக்கு ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ் உண்டு. வைப்புநிதி போட்டால் கிடைக்கும். ஆனால் புதுக் கார்டுகளில் லிமிட் குறைவாகவே வரும். அதனால் கடைச் செலவுக்குப் புதுக் கார்டு, கார் டெபாசிட்டுக்குப் பழைய பெரிய கார்டு. டெபாசிட் வெறும் பிடித்தம்தான், செலவாகப் பதிவாகாதவரை மார்க்கப் விழாது. சில இடங்களில் அதையே விற்பனையாகப் போட்டுப் பின்னர் திருப்புவார்கள். அப்போது மாற்று விகித வித்தியாசம் உங்கள் தலையில். 'ப்ரீ-ஆத்தரைசேஷன் (வெறும் பிடித்தம்) தானே?' என்று கேட்டுவிட்டே தம்பியைப் பின் நம்பரைப் போடச் சொல்லுங்கள்.

மெஷின் 'ரூபாயில் கட்டலாமா' என்று கேட்டால் வேண்டாம், யூரோதான். ரூபாயைத் தொட்டால் மட்டமான விகிதம் விழும். அதற்குமேல் பல வங்கிகள் தனியாக 1% எடுக்கும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகவே வேண்டாம்: கட்டணத்தோடு, பெரும்பாலான கார்டுகளில் அன்றிலிருந்தே வட்டி.

சென்னிமலை:
அமெரிக்க இணையதளங்களைப் படிச்சுட்டு 'கார்டுலயே கார் இன்சூரன்ஸ் வருது'ன்னு நினைச்சுடாதீங்க. நம்மூர் கார்டுகள்ல அது அனேகமா கிடையாது. வாடகையோட வர்ற சாதா காப்பீட்டுலயும், இடிச்சா முதல் பல நூறு யூரோ உங்க பொறுப்பு. டயர், கண்ணாடி, அடிப்பகுதி பெரும்பாலும் சேராது. அந்தப் பொறுப்பும் இல்லாத 'ஜீரோ எக்ஸஸ்' காப்பீடு எடுக்கறது நல்லது, டெபாசிட்டும் குறையும்.

ஹாலந்துக்குப் போறதை முன்கூட்டியே சொல்லி ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. ஜனவரிங்கறதால குளிர்கால டயருக்குத் தனிக் காசு இருக்கான்னும் கேளுங்க. தம்பிக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேணும்: படிவம் 4ஏ, கரூர் ஆர்டிஓ ஆபீஸ், ஒரு வருஷம் செல்லும். அசல் லைசென்ஸும் கூடவே இருக்கணும். காரைத் திருப்பும்போது நாலு பக்கமும், பெட்ரோல் முள்ளையும் வீடியோ எடுத்துக்கங்க. ஸ்பீடு கேமரா அபராதம் வந்தா கார் கம்பெனி அதுக்குத் தனிக் கட்டணத்தைக் கார்டுல எடுத்துரும். ஓடிபி எல்லாம் வராது.

வெண்ணெய்மலை:
ஆட்-ஆன் கார்டுக்கு இன்னைக்கே போட்டுடறேனுங்க. வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா?

பல்லடம்:
புதுக் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு அணைஞ்சுதான் வரும். ஆப்ல ரெண்டு கார்டுக்கும் ஆன் பண்ணி, பின் வெச்சு, கரூர்லயே ஒரு கடையில செருகிப் பாத்துருங்க. ஹாலந்துல ஆளில்லாத பங்க் நிறைய. அங்க பின் இல்லாம பெட்ரோல் வராது.