பெண்ட்சன் 280, பெக் 35: எந்த மேப்லித்தோ அதிக வழவழப்பு?

கேள்வி

வணக்கம். சிவகாசியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். லெட்டர்பேடு வேலைக்கு 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (மேற்பூச்சு இல்லாத அச்சுத் தாள்) தேடினேன். ஒரு மில்லின் சோதனைச் சீட்டில் வழவழப்பு 'பெண்ட்சன் 280', இன்னொன்றில் 'பெக் 35'. பெரிய எண்தானே நல்லது என்று 280 போட்டதையே 20 ரீம் எடுத்துவிட்டேன். தலைப்பில் கருநீலச் சாலிட் (இடைவெளியில்லாமல் முழுக்க மை நிரம்பிய பரப்பு) அடித்தால் ஊசி குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மையைக் கூட்டினால் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1

தம்பி, மில் ஆய்வகத்தில் 22 வருடம் பெண்ட்சன், பெக் என்ற இந்த இரண்டு கருவிகளோடு இருந்தவன் நான். இரண்டுமே காற்றை வைத்துத்தான் அளக்கின்றன, ஆனால் எண்கள் எதிரெதிராக ஓடும். பெக்கில், மெருகேற்றிய கண்ணாடி மேல் தாளை அழுத்தி வைத்து, இடுக்கு வழியாக 10 மில்லி காற்று நுழைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். வழவழப்பான தாளில் காற்றுக்கு வழி குறைவு, நேரம் கூடும். பெண்ட்சனில், உலோக வளையத்தின் விளிம்புக்கடியில் நிமிடத்துக்கு எத்தனை மில்லி காற்று கசிகிறது என்பதுதான் எண். அது கூடினால் சொரசொரப்பு கூடுகிறது. அதற்குப் போய் 'வழவழப்பு' என்று தலைப்புப் போடுகிறார்களே, எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு.

280ஐ பெக்குக்கு மாற்றும் சூத்திரம் எதையும் நம்பாதீர்கள். இரண்டு தாளையும் ஒரே கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கர் என்ற இன்னொரு கருவியின் அளவு கிடைத்தால் இன்னும் நல்லது. அச்சில் விழும் அழுத்தத்துக்கு நெருக்கமாகத் தாளை அழுத்தி, மைக்ரானில் சொல்லும்.

பதில் 2

காலண்டர் ரோலில் (தாளை நசுக்கி வழவழப்பாக்கும் உருளை) இன்னும் அழுத்தித் தரச் சொல்லலாமே அண்ணே?

பதில் 1

சொல்லலாம். ஆனால் தாளின் தடிமன் குறையும், பின்பக்க எழுத்தும் தெரியும். அதற்கு முன் கையில் இருக்கும் 20 ரீமைப் பார்ப்போம். ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கம்பி வலைத் தடம் தெரிவது வயர் சைடு. தாள் செய்யும்போது நீர் வடிகையில் நுண்ணிழையும் நிரப்பியும் (இழைகளின் இடுக்கை அடைக்கும் தூள்) அந்தப் பக்கத்திலிருந்து கழுவிப் போயிருக்கும், அதனால் அது சொரசொரப்பு. சாலிட்டை மறுபக்கத்தில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, இவ்வளவு நாளும் வயர் சைடில்தான் அடித்திருக்கிறேன்! திருப்பிப் போட்டு 50 தாள் ஓட்டினேன். புள்ளி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மையையும் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன், இப்போது ஒட்டவில்லை. இந்த ஆர்டர் இதிலேயே முடிந்துவிடும். அடுத்ததற்கு பெக் 35 தாளில் ஒரு ரீம் மட்டும் வாங்கி ஓட்டிப் பார்க்கிறேன்.