பிரிவுக் கவிதைகளைத் தொகுப்பாக அடுக்குவது எப்படி?

கேள்வி:
கையில் 74 கவிதைகள். காதல், பிரிவு, பிறகான மனப்போராட்டம், எல்லாமே இதுதான். தனித்தனியாகப் படித்தால் நிற்கின்றன. தொடர்ந்து படித்தால் பத்தாவதிலேயே அலுப்புத் தட்டுகிறது. இப்போது இருப்பது எழுதிய தேதி வரிசை. எத்தனையை வைக்கலாம், எப்படி அடுக்கலாம்? சிலவற்றில் பிரிந்துபோனவரின் கடித வரிகள் அப்படியே வருகின்றன. அதில் சிக்கல் உண்டா? டெமி அளவில் (கவிதை நூல்களுக்கு வழக்கமான புத்தக அளவு) 80 பக்கத்துக்குள் முடிக்க வேண்டும்.

பதில் 1:
அலுப்புக்குக் காரணம் எண்ணிக்கை அல்ல, திரும்பத் திரும்ப வரும் சொல். நினைவு, மௌனம், வலி, கண்ணீர், இரவு, இந்த ஐந்தையும் ஃபைலில் தேடிப் பாருங்கள். ‘நினைவு’ என்று முழுதாகத் தேடினால் ‘நினைவில்’, ‘நினைவை’ சிக்காது. ‘நினை’ என்று தேடுங்கள். அடுத்தடுத்து மூன்று கவிதைகளில் ஒரே சொல் வந்தால் மூன்றாவது எவ்வளவு நல்லதானாலும் எடுபடாது.

பிறகு ஒரு கவிதைக்கு ஒரு தாள் என்று பிரின்ட் எடுங்கள். தாளின் பின்பக்கம் மூன்று குறிப்பு: யாரிடம் பேசுகிறது, என்ன பொழுது, கண்ணில் படும் பொருள் என்ன. மூன்றாவது இடம் காலியாக இருக்கும் கவிதைகள்தான் தொகுப்பைக் கீழே இழுத்துவிடுகின்றன. உதாரணத்துக்கு,

நீயில்லாத இந்த இரவில்
என் மனம் வலியால் துடிக்கிறது

இதைப் பத்துப் பேர் எழுதலாம். இதையே,

பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்தேன்
ஒன்றைக் கழுவாமலே கவிழ்த்து வைத்தேன்

என்றால் ‘வலி’ என்ற சொல்லே தேவையில்லை. ‘கழுவாமலே’ என்பதில் ஆளில்லாதது தெரிந்துவிடுகிறது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடுகின்றன. அங்கேயும் பொருளும் பொழுதும்தான் பாதிப் பேச்சைப் பேசுகின்றன.

வரிசைக்கு வருவோம். தேதிப்படி வைத்தால் கோபக் கவிதைகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். தணிந்த குரலில் தொடங்குங்கள். உச்சத்தில் கத்தும் கவிதை மூன்றில் ஒரு பங்கு கடந்த பிறகு வரட்டும். சந்தோஷ நாட்களைப் பற்றிய இரண்டு மூன்று கவிதைகளைப் பிரிவு தெரிந்த பின் வையுங்கள். முதலில் வைத்தால் அவை வெறும் காதல் கவிதைகள், பின்னால் வைத்தால் படிக்கவே முடியாத அளவுக்கு வலிக்கும்.

கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்துக்கொண்டும் ஒருமுறை படியுங்கள். கவிதை நின்றால் அவற்றை வெட்டிவிடலாம். இந்த வகைக் கவிதைகளில் பெரும்பாலும் முடிவில்தான் விளக்கம் புகுந்துவிடுகிறது.

பதில் 2:
பக்கக் கணக்கு. சேர்த்து அச்சிட்டு மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம், 80 பக்கம் என்றால் 5 ஃபாரம். தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்த்து 8 போகும், மீதி 72. 74-இல் ஐம்பது கவிதைகளை வைத்து, அவற்றில் 12 இரண்டு பக்கம் ஓடினால் 62 பக்கம். மூன்று பகுதி என்றால் பகுதித் தலைப்புகளுக்கு 6. மிச்சம் 4 பக்கம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் இரண்டு பக்கக் கவிதை இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணில் தொடங்கினால்தான் முழுசும் ஒரே பார்வையில் தெரியும். வலப்பக்கத்தில் தொடங்கினால் தாளைத் திருப்பும் இடத்தில் மூச்சு அறுந்துவிடும்.

வரி முறிவையும் டெமி அகலத்திலேயே வைத்துச் சரிபாருங்கள். நீண்ட வரி மடங்கினால், மடங்கிய பகுதி உள்தள்ளி வர வேண்டும். இல்லையென்றால் வாசகர் அதைப் புதிய வரியாகவே படிப்பார். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பதில் 3:
கடிதத் தாள் உங்களிடம் இருந்தாலும் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கே. மெசேஜும் அப்படித்தான். அனுமதி வாங்குங்கள், முடியாவிட்டால் உங்கள் சொல்லில் புதிதாக எழுதுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வேலை, ஊர், தேதி மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். அகப்பாடலில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. தலைவன், தலைவி, தோழி என்று நின்றதால்தான் அந்தப் பாடல்களில் யாரும் தன்னை வைத்துப் பார்க்க முடிகிறது.

கேட்டவர்:
நன்றி. ‘நினை’ மட்டும் 31 கவிதைகளில் வருகிறது. அந்த 31-ஐயும் நீக்கிவிடவா?

பதில் 1:
வேண்டாம். அந்தச் சொல் இல்லாமல் நிற்காத கவிதைகளை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுக்கு மேல் தேறாது. மற்றதில் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றும் போடாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.