ஒரே பெப்டைடு, திங்கட்கிழமை ஒரு இசி50, வியாழக்கிழமை வேறு இசி50. எது சரி?

கேள்வி
ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) மருந்தை, ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் ரிசெப்டர் உள்ள செல்களில் போட்டு, செல்லுக்குள் எழும் சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியை அளக்கிறேன். திங்களன்று இசி50, அதாவது உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு, 0.3 நானோமோலார். வியாழனன்று அதே குப்பியில் இருந்து எடுத்தும் 3 நானோமோலார். அளவு-விளைவுக் கர்வின் உச்சம் இரண்டு நாளும் ஒன்றுதான். மருந்து வீரியம் இழந்துவிட்டதா? சராசரி போட்டு 1.65 என்று எழுதிவிடலாமா?

பதில் 1
சராசரி போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் பிஇசி50-இல், அதாவது இசி50-இன் எதிர் மடக்கையில் (லாக்), போட வேண்டும்; அதைத் திருப்பினால் 0.95 நானோமோலார் வரும். ஆனால் ஒரு நாள் கணக்கு தப்பு என்றால் சராசரியும் தப்புதான். கர்வின் சரிவு, அதாவது ஹில் எண், எவ்வளவு?

கேட்டவர்
திங்கள் 1.0, வியாழன் 1.3. லோ-பைண்ட் டியூப் (பெப்டைடு அவ்வளவாக ஒட்டாத வகை) தீர்ந்துபோனதால் வியாழனன்று சாதா டியூப்.

பதில் 1
பிடிபட்டது. பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டும். 10 மைக்ரோமோலாரில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து நான்கு படி இறங்கினால் 1 நானோமோலார் இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பாதி ஒட்டிக்கொண்டால் மிஞ்சுவது 0.06தான். மேலே அளவு தாராளம், அதனால் உச்சம் அசையாது; கீழே போகப் போக ஏமாற்றம் கூடும், அதனால்தான் சரிவு செங்குத்தாகிறது. இனி லோ-பைண்ட் டியூப், பஃபரில் 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்), படிக்குப் படி புது பிப்பெட் டிப்.

பதில் 2
பிஎஸ்ஏ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெப்டைடில் கொழுப்பு அமில வால் இருந்தால் அது ஆல்புமினைப் பிடித்துக்கொள்ளும், வீரியம் குறைந்தது போலத் தெரியும். ஜிஎல்பி-1 போல வேலை செய்யும் நீரிழிவு மருந்தான செமாக்ளூடைடு அப்படித்தான். ஆனால் உடம்புக்குள் அந்தப் பிடிப்புதான் அதற்கு ஏறத்தாழ ஒரு வார அரை ஆயுளைத் தருகிறது. இயற்கையான ஜிஎல்பி-1க்கு ஓரிரு நிமிடம்தான். ஆய்வகத் தட்டில் இசி50 கூடுதல் என்பதால் மட்டும் மோசமான மருந்து என்று தள்ளிவிட முடியாது. அப்புறம், குப்பியில் எழுதியிருக்கும் மில்லிகிராம் முழுக்கப் பெப்டைடு அல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்த எடை. நிகர பெப்டைடு அளவைப் பார்த்தீர்களா?

கேட்டவர்
வால் இல்லாத பெப்டைடுதான். சொன்னபடி மூன்று முறை ஓட்டினேன்: 0.27, 0.31, 0.35. சரிவு 1.0க்குத் திரும்பிவிட்டது. சான்றிதழில் நிகர அளவு 78% என்று இருக்கிறது. நான் 100 என்றே கணக்குப் போட்டிருந்தேன், எல்லா எண்ணையும் 0.78ஆல் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.