பவர் பிரஸ்ல விரல் போன 13 வயசுப் பையன்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

தாய்மாமன்_78 (ஜூலை 2024)

அக்கா பையனுக்காகக் கேட்கிறேன். 2022 நவம்பர்ல ஒரு பட்டறையில பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டுற மெஷின்) ஓட்டும்போது வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோட போயிடுச்சு. அப்ப அவனுக்கு வயசு 13. வாரச் சம்பளம், மாசத்துக்கு 7,000 வரும். ரிஜிஸ்டர்ல பேர் கிடையாது. ஆறேழு பேர் வேலை செய்யிற இடம், இ.எஸ்.ஐ. எல்லாம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன மேஸ்திரி, வீட்டு கிரில் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லி எழுத வச்சுட்டார். பில்லை ஓனர் கட்டினார். அப்புறம் 30,000 கையில கொடுத்து, இருபது ரூபா பத்திரத்துல அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டார். "எமது பட்டறையில் ஏற்பட்ட காயத்திற்கு முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு டைப் அடிச்சிருக்கு.

இப்ப போய்க் கேட்டா, "வயசு குறைஞ்ச பையனை அனுப்புனது உங்க தப்பு, விஷயம் வெளிய போனா உங்க அக்காவும்தான் உள்ள போகணும்"ங்கறார். தெரிஞ்ச ஒருத்தர், வேலையே சட்டவிரோதம், அப்புறம் நஷ்டஈடு எங்கேருந்து வரும்னு சொல்றார். அப்படியா?

பழைய_கிளார்க்

அப்படி இல்லை தம்பி. தொழிலாளர் அலுவலகத்துல இந்த மாதிரி ஃபைல் நிறைய பார்த்து ரிட்டயர் ஆனவன். பையனை வேலைக்கு வச்சு சட்டத்தை மீறினது ஓனர். அதையே காட்டி அவர் தப்பிக்கலாம்னா, சின்னப் பசங்களை வைக்கிறதுதான் லாபம்னு ஆயிடும். விபத்து நடந்தப்ப அமல்ல இருந்த 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்க. 18 நிரம்பாதவர் இளவர்னு விளக்கம் அதுலயே இருக்கு. தொகை கணக்கிடுற நாலாம் அட்டவணை "16 வயசுக்கு மேற்படாதவர்"ல இருந்துதான் தொடங்குது. வாய்மொழியா வேலைக்கு வச்சாலும் போதும். ரிஜிஸ்டர்ல பேர் இல்லாதது ஓனரோட குத்தம்.

அந்த 30,000 விஷயம். எட்டாவது பிரிவுப்படி இளவருக்கு மொத்தத் தொகையை ஆணையர்கிட்டதான் (இழப்பீட்டு மனுவை விசாரிக்கிற தொழிலாளர் துறை அதிகாரி) டெபாசிட் பண்ணணும். நேரா கையில கொடுத்தா அது இழப்பீடு கொடுத்ததாவே கணக்கு இல்லை. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதி வாங்கின பத்திரம் 17ஆம் பிரிவுப்படி செல்லாது. சமாதானமா போறதா இருந்தாலும் ஆணையர்கிட்ட பதிவு பண்ணணும். தொகை போதாதுன்னு பட்டா அவர் பதிவு பண்ண மறுக்கலாம்.

தோராயக் கணக்கு சொல்றேன். 7,000ல 60 சதவீதம் 4,200. நாலாம் அட்டவணையில அந்த வயசுக்குக் காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 228.54. பெருக்கினா 9,59,868, இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில ரெண்டு விரல் முழுசா போனா முதல் அட்டவணையில 20 சதவீதம். ஆக 1,91,973 ரூபா. ஒரு மாசத்துக்குள்ள கட்டாததால வருஷம் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயம் இல்லைன்னா அசல்ல பாதி வரைக்கும் அபராதமும் போடலாம். நீங்க மருந்துக்குச் செலவழிச்சது தனி, ரசீது வையுங்க.

அக்காவை உள்ள போடுவாங்கங்கறது வெறும் மிரட்டல். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2016 திருத்தத்துல குழந்தையை வேலைக்கு வச்ச முதலாளிக்குத்தான் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரை சிறை. ஏற்கெனவே ஒரு தடவை தண்டனை ஆன பெற்றோர் திரும்பவும் அனுப்பினாக்கூட 10,000 வரை அபராதம்தான்.

அவசரம் எதுலன்னா தேதியில. விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். நவம்பர் வரைக்கும் உட்கார்ந்திருக்காதீங்க.

பிரஸ்_செட்டர்

சட்டம் அண்ணன் சொல்லிட்டார். நான் மெஷினைப் பத்திச் சொல்றேன். ஓனர் அடுத்து என்ன சொல்லுவார்னா, "பையன் விளையாட்டுத்தனமா கையை உள்ள விட்டான்"னு. டைக்கு (பீஸை அழுத்துற அச்சு) முன்னாடி கார்டு (கை உள்ள போகாம தடுக்கிற தடுப்பு) இருந்துச்சா, பெடல்ல ஓடுச்சா ரெண்டு கையாலயும் அமுக்குற பட்டன் இருந்துச்சான்னு பையனைக் கேளுங்க. சின்னப் பட்டறையில கார்டைக் கழட்டி மூலையில போட்டிருப்பாங்க. பீஸ் வேகமா விழணுமே! கால் பெடலை மிதிச்சுக்கிட்டே கையால பீஸ் எடுக்கிற மெஷின்ல விரல் போறதுக்கு விளையாட வேண்டியதில்லை, தூக்கம் வந்தா போதும். கிளார்க் அண்ணே, கவனக்குறைவுன்னு சொன்னா காசு நிக்குமா?

பழைய_கிளார்க்

நிக்காது. காசு நிக்கணும்னா தொழிலாளி குடிச்சிருக்கணும், இல்லை பாதுகாப்புக்குன்னு இருந்த விதியை, கருவியைத் தெரிஞ்சே வேணும்னு மீறியிருக்கணும், கழட்டியிருக்கணும். சும்மா கவனக்குறைவு அதுல சேராது. கார்டை யார் கழட்டினாங்கன்னு கேட்டது நல்ல கேள்வி.

தாய்மாமன்_78

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆஸ்பத்திரியில கிரில் கதவுன்னு எழுதினதுதான் பயமா இருக்கு. கூட வேலை செஞ்சவங்க சாட்சி சொல்ல வருவாங்களான்னு தெரியலை. அக்கா இருக்கிறதும் வேற மாவட்டம்.

பழைய_கிளார்க்

அக்கா கையெழுத்துப் போட்ட அந்தப் பத்திரம்தான் உங்களுக்குப் பெரிய சாட்சி. "எமது பட்டறையில் ஏற்பட்ட காயம்"னு ஓனரே டைப் அடிச்சுக் கொடுத்திருக்காரே! கிரில் கதவுல நசுங்கின பையனுக்கு யாராவது 30,000 கொடுப்பாங்களா? அக்காகிட்ட ஜெராக்ஸாவது இருந்தா பத்திரமா வையுங்க, இல்லைன்னா ஃபோன்ல எடுத்த படம் இருக்கான்னு பாருங்க. பில் கட்டின ரசீது, ஓனர் அனுப்பின வாட்ஸ்அப், வயசுக்கு ஸ்கூல் டி.சி. அல்லது பிறப்புச் சான்று, அரசு ஆஸ்பத்திரியில ஊனச் சான்று, இதெல்லாம் சேருங்க.

மனுவை அக்கா குடியிருக்கிற மாவட்டத்துக்கான தொழிலாளர் துணை ஆணையர்கிட்டயே போடலாம், சில இடத்துல இணை ஆணையர். இளவர் சார்பா தாயார்னு போடணும். பணம் வந்தா பெரும்பாலும் பையன் பேர்ல பேங்க்ல போட்டு வைப்பாங்க. படிப்புக்கோ வைத்தியத்துக்கோ வேணும்னா அக்கா மனு கொடுத்து எடுக்கலாம்.

குழந்தைத் தொழிலாளர் புகாரை இதோட பேரம் பேச விடாதீங்க. "கேஸை வாபஸ் வாங்கு, இன்னும் கொஞ்சம் தர்றேன்"னு கண்டிப்பா வருவார். 1098க்கு (குழந்தைகள் உதவி எண்) சொல்றது தனி, இந்த மனு தனி.